சத்தம் வாங்கினேன், பேச்சு கிடைக்கவில்லை



கடல் கடந்து பொருளீட்டும் நம் குடும்பங்களுக்கு ஒலிச் சாதனங்கள் புதியவை அல்ல. எழுபதுகளின் இறுதியில், வளைகுடா நாடுகளிலிருந்து விடுமுறையில் வந்தவர்களின் பெட்டிகளில் சென்ட் குப்பிகளுக்கும் கோடாலித் தைலத்திற்கும் நடுவே ஒரு 'டூ இன் ஒன்' தவறாமல் இடம்பெற்றிருக்கும். எங்கள் ஊராகிய காயல்பட்டினத்தில் தெருவழியே நடந்து செல்லும்போதே, எந்த வீட்டுக்காரர் ஊர் வந்திருக்கிறார் என்பதைக் காதாலேயே அறிந்துகொள்ளலாம். ஒரு வீட்டில் இசைமுரசு நாகூர் ஈ.எம். ஹனீஃபா அவர்களின் குரல் ஒலிக்கும். அடுத்த வீட்டில் எகிப்து நாட்டுக் காரீ அப்துல் பாஸித் அவர்களின் கிராஅத் ஒலிக்கும். அந்நாளில் எவரும் அப்பெட்டியைப் பார்த்து 'எத்தனை வாட்?' என்று வினவியதாக எனக்கு நினைவில்லை. குரல் தெளிவாகக் கேட்கிறதா என்பது ஒன்றே கேள்வியாக இருந்தது.

அந்தக் கேள்வியை நான் மறந்துபோன கதையைத்தான் இப்போது உங்களிடம் கூற வந்திருக்கிறேன். உங்களுள் சிலர் வீட்டுக்கு 'ஹோம் தியேட்டர்' என்றோ 'சவுண்ட்பார்' என்றோ ஏதேனும் வாங்கும் எண்ணத்தில் இருக்கலாம். இசை கேட்பது கூடுமா கூடாதா என்ற வினாவை நான் இங்கே இழுக்கப் போவதில்லை. அதைச் சொல்வதற்குரிய ஆலிம்கள் இருக்கின்றார்கள். எங்கள் வீட்டில் தேவைப்பட்டது செய்தியும் பயானும்தான். தேவை இவ்வளவு எளியதாக இருந்தும் நான் ஏமாந்தேன் என்பதே இதில் கவனிக்கத்தக்கது.

2007-ஆம் ஆண்டு. வாப்பாவுக்கு அப்போது வயது 72. மாலையில் தொலைக்காட்சிச் செய்தி கேட்பது ஒன்றுதான் அவருக்கு எஞ்சியிருந்த பொழுதுபோக்கு. அதையும் அவர் வரவர உரத்த சத்தத்தில் வைத்துக் கேட்கத் தொடங்கினார். உம்மா சலித்துக்கொள்வார், பிள்ளைகள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விடுவார்கள். தம்மாமில் வேலை பார்த்துவந்த என் காக்காவிடம் தொலைபேசியில் இதைக் கூறினேன். மறுவாரமே அவர் 20,000 ரூபாய் அனுப்பி, "வாப்பாவுக்கு நன்றாகக் கேட்கிற மாதிரி ஒன்று வாங்கிக் கொடு" என்றார். பாலைவன வெயிலில் ஈட்டிய பணம் அது. அவர் தம் அறைக்கு ஒரு வானொலிகூட வாங்கிக்கொள்ளாதவர்.

அந்தப் பணத்தை எடுத்துக்கொண்டு சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவுக்குப் போனேன். அங்கே ஒரு கடையில் என்னைத் தனி அறை ஒன்றுக்குள் அழைத்துச் சென்றார்கள். சுவர்களில் தடித்த துணி, தரையில் கம்பளம், மெத்தென்ற சோபா, விளக்கை அணைத்துவிட்டு, 1993-இல் வெளியான 'ஜுராசிக் பார்க்' திரைப்படத்தில் அந்தப் பெரிய விலங்கு நடந்துவரும் காட்சியை ஓடவிட்டார்கள். ஒவ்வோர் அடிக்கும் என் நெஞ்செலும்பு அதிர்ந்தது. மழை என் முதுகுக்குப் பின்னால் பெய்தது. விளக்கைப் போட்டபோது நான் ஏற்கெனவே வாங்கிவிட்டிருந்தேன். பணம் கொடுப்பதுதான் பாக்கி. விலை 14,500 ரூபாய். பெட்டியின் மேல் '4000 வாட்' என்று பொன்னிறத்தில் அச்சிட்டிருந்தது.

செய்தி வாசிக்கும் ஒரு குரலை அந்த அறையில் எவரும் எனக்குப் போட்டுக் காட்டவில்லை. நானும் கேட்கவில்லை.

வீட்டில் கொண்டுவந்து பொருத்தினோம். ஐந்து ஸ்பீக்கர்களும், அடித்தொனிக்கென்று 'சப்-வூஃபர்' எனப்படும் மரப்பெட்டி ஒன்றும். இந்த ஏற்பாட்டைத்தான் 5.1 என்கிறார்கள். பிள்ளைகள் குதித்தார்கள். வாப்பா தம் நாற்காலியில் அமர்ந்து பதினைந்து நிமிடம் செய்தி பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்து, "சத்தம் பெருசா இருக்கு வாப்பா, பேச்சுதான் இல்லெ" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு செலவு செய்தும் குறை கூறுகிறாரே என்று எண்ணினேன். அவர் சொன்னது அளவுகோல் வைத்து அளந்த உண்மை என்பதை அறிந்துகொள்ள எனக்குப் பல மாதங்கள் பிடித்தன.

முதலில் அந்த 4000 வாட் கணக்கைப் பார்ப்போம். அந்த எண்ணுக்கு அடியில், பொடி எழுத்தில் 'பி.எம்.பி.ஓ.' என்று இருந்தது. இசையின் உச்சகட்டத்தில் ஒரு நொடியின் மிகச் சிறு பகுதிக்குக் கருவி எட்டக்கூடிய ஆற்றல் என்று அதற்கு விளக்கம் கூறுவார்கள். அதை இவ்வாறுதான் அளக்க வேண்டும் என்ற ஒப்புக்கொள்ளப்பட்ட முறை ஏதும் இல்லை. தொடர்ந்து வெளியிடக்கூடிய ஆற்றலை 'ஆர்.எம்.எஸ்.' என்று குறிப்பார்கள், பார்க்கவேண்டியது அதுவே. ஒரு நாள் கருவியைத் துடைக்கும்போது அதன் பின்பக்கத் தகட்டைப் படித்தேன். மின்சாரம் எடுத்துக்கொள்ளும் அளவு 70 வாட் என்று போட்டிருந்தது. எழுபது வாட்டை வாங்கிக்கொண்டு நாலாயிரம் வாட்டைத் தொடர்ந்து திருப்பித் தருவதற்கு அது என்ன அள்ள அள்ளக் குறையாத பாத்திரமா? கடையிலேயே பெட்டியைத் திருப்பிப் பார்த்திருக்கலாம்.

இந்த எண் விளையாட்டு நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் விற்பனையாளர்கள் மனம்போன போக்கில் வாட் கணக்கு எழுதிய காரணத்தால், 1974-இலேயே அந்நாட்டுக் கூட்டாட்சி வணிக ஆணையம் இதற்கென்று விதி இயற்றியது. அதுவும் போதாமல் 2024-இல் அவ்விதியைத் திருத்தி, எந்த நிலைமைகளில் அளந்த வாட் என்பதை மேலும் இறுக்கியது. ஐம்பது ஆண்டுகள் ஆகியும் ஓயாத வழக்கு இது.

அதைவிட வியப்பானது ஒன்றுண்டு. வாட் உண்மையாகவே இரட்டித்தாலும் சத்தம் இரட்டிப்பதில்லை. 50 வாட்டை 100 வாட் ஆக்கினால் கூடுவது 3 டெசிபெல். காது அதைச் 'சற்றே கூடியிருக்கிறது' என்று மட்டுமே உணரும். இரு மடங்கு உரக்கக் கேட்பதாகத் தோன்றுவதற்கு ஏறத்தாழ 10 டெசிபெல் கூடவேண்டும். அதற்குப் பத்து மடங்கு ஆற்றல் தேவை. இன்னொரு புறம், சாதாரணமான ஒரு நல்ல ஸ்பீக்கருக்கு ஒரே ஒரு வாட் கொடுத்தால், ஒரு மீட்டர் தொலைவில் 87 டெசிபெல் அளவுக்கு ஒலிக்கும். நாம் எதிரெதிரே அமர்ந்து பேசுவது 60 டெசிபெல் அளவுதான். அதாவது வாப்பா செய்தி கேட்பதற்கு ஒன்றிரண்டு வாட் போதும். நான் வாங்கியது தண்ணீர் குடிக்க ஒரு தெப்பக்குளம்.

அடுத்தது, அந்தக் கடையின் அறை. 1895-இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஃபாக் அருங்காட்சியகத்தின் விரிவுரைக்கூடம் கட்டித் திறக்கப்பட்டது. பேசுபவரின் ஒரு சொல் அடங்குவதற்குள் அடுத்த பல சொற்கள் அதன்மேல் வந்து விழுந்தன. ஒலி அடங்க ஐந்தரை வினாடி ஆயிற்று. அதைச் சரிசெய்யப் பணிக்கப்பட்டவர் வாலஸ் சேபின் என்னும் இளம் இயற்பியல் ஆசிரியர். அவர் அருகிலிருந்த சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவு நேரங்களில் தூக்கி வந்து, அந்தக் கூடத்தில் ஒன்றன்பின் ஒன்றாகப் பரப்பி, ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். மெத்தை கூடக் கூட எதிரொலி குறைந்தது. கட்டட ஒலியியல் என்ற துறையே அந்த மெத்தைகளிலிருந்துதான் பிறந்தது.

ரிச்சி தெருக் கடைக்காரர் சேபினைப் படித்திருக்கமாட்டார். ஆனால் துணியும் கம்பளமும் சோபாவும் என்ன செய்யும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. எங்கள் வீட்டுக் கூடமோ மொசைக் தரை, சுண்ணாம்புச் சுவர், உயரமான மச்சு, கண்ணாடி பதித்த இரும்பு அலமாரி. ஒரு கரண்டி விழுந்தால் மூன்று முறை கேட்கும். அதே கருவி இங்கே வேறு கருவியாகிவிட்டது. கடையில் கேட்ட ஒலியில் பாதி அந்த அறைக்குச் சொந்தமானது. அதை எனக்கு அவர்கள் விற்கவில்லை.

கண்ணும் காதைக் கெடுக்கும். 1994-இல் ஃபிளாய்ட் டூல், ஷான் ஆலிவ் என்ற இரு ஒலியியல் ஆய்வாளர்கள், ஹார்மன் என்னும் ஒலிக்கருவி நிறுவனத்தில் 40 பேரை அமர்த்தி, ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னே வைத்து ஒருமுறையும், கண்முன்னே வைத்து ஒருமுறையும் மதிப்பெண் இடச் சொன்னார்கள். கண்ணால் பார்த்தபோது பெரிய, விலை உயர்ந்த ஸ்பீக்கர்களுக்கு மதிப்பெண் ஏறியது. சிறிய பிளாஸ்டிக் பெட்டிக்கு இறங்கியது. திரையிட்டபோது ஒலி மட்டுமே தீர்ப்புக் கூறியது. அவர்கள் யாவரும் அத்தொழிலிலேயே இருந்தவர்கள் என்பதைக் கவனியுங்கள். நானோ பொன்னிற எழுத்தைக் கண்டு மயங்கியவன்.

இனி என் சொந்த வீட்டுப் பிழைகளுக்கு வருகிறேன். ஊரில் வானொலி, தொலைக்காட்சி பழுது பார்க்கும் என் மச்சினன் ஒருவர் உண்டு. படிப்பு அதிகமில்லை, கை சுத்தம், வாயும் சுத்தம். அவரை அழைத்துவந்து காட்டினேன். நான் ஆணி அடித்து மாட்டியிருந்தவற்றைப் பார்த்துச் சிரித்துவிட்டார். ஐந்து ஸ்பீக்கர்களுள் நடு ஸ்பீக்கர்தான் பேச்சைத் தாங்குவது. அதை நான் அலமாரியின் அடித்தட்டில், கதவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன். உம்மாவுக்கு அது பார்வைக்கு அழகாக இல்லையாம். மேலும், செய்தி அலைவரிசையின் ஒலி இரண்டு தடங்களில்தான் வருகிறது. அதை ஐந்தாகப் பிரித்து 'சினிமா' போலக் காட்டும் பொத்தானை நான் அழுத்தி வைத்திருந்ததால், செய்தி வாசிப்பவரின் குரல் வாப்பாவின் முதுகுப்பக்கத்திலிருந்தும் வந்துகொண்டிருந்தது.

மச்சினன் நடு ஸ்பீக்கரைத் தொலைக்காட்சிக்கு நேர் கீழே, அமர்ந்திருப்பவரின் காது உயரத்தை நோக்கிச் சாய்த்து வைத்தார். பின் ஸ்பீக்கர்களின் இணைப்பைக் கழற்றினார். அடித்தொனியைப் பாதிக்கும் கீழே இறக்கினார். அடித்தொனியின் அலை மிக நீளமானது; 40 ஹெர்ட்ஸ் ஒலிக்கு எட்டரை மீட்டர் நீளம். அதைச் சுவர் தடுக்காது. எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு சுவர் ஒட்டியது என்பதால், அடுத்த வீட்டுக் கைக்குழந்தை ஒரு மாதமாகச் சரியாக உறங்கவில்லை என்பதும் அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அவர்கள் மரியாதை கருதிச் சொல்லாமல் இருந்திருக்கிறார்கள். பெருநாளுக்கு விரிக்கும் பெரிய கம்பளத்தைத் தரையில் விரித்து, சன்னல்களுக்குத் தடித்த திரை போட்டோம். ஒரு ரூபாய் செலவில்லை. பேச்சு துலங்கிவிட்டது, வாப்பாவைத் தவிர மற்ற எல்லாருக்கும்.

அந்த அனுபவத்தின் பயன் பின்னொரு நாள் கிடைத்தது. 2023-இல் என் மகள் சென்னையில் தன் வீட்டுக்குச் சவுண்ட்பார் வாங்க என்னை அழைத்துச் சென்றாள். இன்றைய தொலைக்காட்சிகள் தட்டுப்போல் மெலிந்துவிட்டன. அவற்றின் ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் கீழ்நோக்கியோ பின்நோக்கியோதான் இருக்கின்றன. எனவே ஒரு நல்ல சவுண்ட்பார் தரும் முன்னேற்றம் உண்மையானதே; அதை நான் மறுக்கவில்லை. விற்பனைப் பிள்ளை 'டால்பி அட்மாஸ்' என்று தொடங்கினான். 2012-இல் திரையரங்குகளுக்கு வந்த அந்த நுட்பம், தலைக்கு மேலிருந்தும் ஒலி வருமாறு செய்வது. சவுண்ட்பாரில் அதற்கென்று மேல்நோக்கிய ஸ்பீக்கர் வைத்து, ஒலியைக் கூரையில் மோதித் திருப்புகிறார்கள். அதற்குக் கூரை தட்டையாகவும் மிக உயரமில்லாமலும் இருக்கவேண்டும். மகள் வீட்டுக் கூடத்தில் அலங்காரத்துக்காகப் படிப்படியாக இறக்கிய பொய்க்கூரை. அதற்குரிய கூடுதல் விலையைக் கொடுத்து என்ன பயன்? கட்டை போன்ற ஒரே பெட்டி, ஆறு இடங்களில் வைத்த ஸ்பீக்கர்களைப் போல் ஒலிக்கும் என்று எதிர்பார்ப்பதும் முறையன்று.

நான் அந்தப் பிள்ளையிடம் கேட்டது ஒன்றே: "தம்பி, உன் படத்தை நிறுத்து. என் கைப்பேசியில் உள்ளதைப் போடு." அதில் ஹனீஃபா அவர்களின் பழைய பாடல் ஒன்றும், என் மனைவி பேசி அனுப்பிய குரல்பதிவு ஒன்றும் இருந்தன. நாற்பது ஆண்டுகளாகப் பழகிய குரல்களைக் கருவி திரித்துக் கூறினால் காது உடனே பிடித்துவிடும். விலங்கின் காலடியோசை உண்மையில் எப்படி இருக்கும் என்று எவருக்குத் தெரியும்? இரண்டு பெட்டிகளையும் ஒரே சத்த அளவில் வைக்கச் சொன்னேன். இதில் கண்டிப்பாக இருங்கள். சற்றே உரக்க ஒலிப்பது எதுவோ அதுவே தரமானது என்று காது ஏமாறும், கடைக்காரர்கள் அதை அறிவார்கள். விலை குறைந்த பெட்டியில் என் மனைவியின் குரல் என் மனைவியின் குரலாகவே இருந்தது. அதையே வாங்கினோம். இணைப்பதற்கென்று பட்டுப்பையில் வைத்து ஆயிரக்கணக்கில் விலை சொன்ன கம்பியை மறுத்துவிட்டோம். பெட்டியோடு வந்ததே போதுமானதாக இருந்தது. தனி ஸ்பீக்கர்களுக்குக்கூட வீட்டு மின்சாரத்துக்கு இழுக்கும் 2.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி தாராளம். பத்து மீட்டர் தொலைவுக்குப் போக வர அதன் மின்தடை 0.14 ஓம் அளவே. 8 ஓம் ஸ்பீக்கருக்கு முன் அது ஒரு பொருட்டன்று.

வாப்பாவின் கதைக்குத் திரும்புகிறேன். அன்று மச்சினன் எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டுத் தேநீர் அருந்தும்போது, தாழ்ந்த குரலில் என்னிடம் சொன்னார்: "மச்சான், பெட்டியிலெ இனிமே குறை இல்லெ. மாமாவெ காது டாக்டர்ட்ட காட்டுங்க."

மூப்பினால் வரும் காது மந்தம் முதலில் தாக்குவது உயர்ந்த தொனிகளை. உயிரெழுத்தின் ஓசை தாழ்ந்த தொனியில் வலுவாக இருப்பதால் அது கேட்டுக்கொண்டே இருக்கும். மெய்யெழுத்தின் மெல்லிய வெடிப்பும் உரசலும் மறைந்துபோகும். கடை, சடை, தடை, படை என்று நான்கு சொற்களை அப்படிப்பட்டவரிடம் சொல்லிப் பாருங்கள். நான்கும் ஒன்றாகவே கேட்கும். அவருக்குச் சத்தம் உண்டு, பேச்சு இல்லை. அடித்தொனியைப் பெருக்கும் கருவியை அவர்முன் வைப்பது, ஏற்கெனவே கேட்பதை மேலும் உரக்கக் கேட்பித்து, கேளாததை இன்னும் மூடிவிடும். 14,500 ரூபாய் கொடுத்து நான் செய்தது அதைத்தான்.

இதைத் தெரிந்துகொண்ட பின்னும் நான் உடனே அவரை அழைத்துச் செல்லவில்லை என்பதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. காக்காவின் பணம் செலவாகிவிட்டது. மீண்டும் எப்படிக் கேட்பது என்ற தயக்கம். வாங்கிய பொருள் வீண் என்று ஒப்புக்கொள்ள வெட்கம். 'வாப்பா கவனிக்காமல் இருக்கிறார், மனம் வைத்தால் கேட்கும்' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டு ஆண்டுகள் அப்படியே கழிந்தன. அந்த இரண்டு ஆண்டுகளில் அவர் பேரப்பிள்ளைகளோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டார். கல்யாண வீடுகளுக்குப் போவதை நிறுத்திக்கொண்டார். ஜும்ஆவில் முதல் ஸஃப்பில் போய் அமர்ந்துகொள்வார். பயானில் என்ன சொன்னார்கள் என்று கேட்டால் சிரிப்பார்.

2009-இல் காக்கா விடுமுறையில் வந்தார். ஒரு மணி நேரம் வாப்பாவோடு அமர்ந்திருந்துவிட்டு எழுந்து வந்தவர், என்னை ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. மறுநாள் காலை வண்டி பிடித்துத் திருநெல்வேலிக்கு அழைத்துச் சென்றார். செவித்திறனைச் சோதித்தார்கள், வலக்காதுக்கு ஒரு கருவி பொருத்தினார்கள். பழைய செவி திரும்பிவிடாது, பழகுவதற்குச் சில வாரங்கள் ஆகும், கூட்டத்தில் சிரமம் இருக்கும் என்று அங்கிருந்தவர் தெளிவாகச் சொல்லித்தான் அனுப்பினார். பொருளை விற்குமுன் அதனால் ஆகாததையும் சொல்லிய ஒருவரை நான் கண்டது அந்த ஒருமுறைதான்.

வண்டியில் வரும்போது வாப்பா செய்தித்தாளைப் புரட்டிவிட்டு, தாள் ஏன் இவ்வளவு சரசரக்கிறது என்று கேட்டார். வீட்டுக்குள் நுழைந்ததும் தம் செருப்பின் ஓசையைக் கேட்டு நின்றார்.

இரவுச் செய்திக்கு நான் வழக்கம்போல் ஒலியை 34-இல் வைத்தேன். அவர் முகம் சுளித்து, "ஏன் வாப்பா இவ்வளவு சத்தம்? குறைச்சு வையி" என்றார். 14-க்கு இறக்கினேன். அடுப்படியிலிருந்த உம்மா கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்து, டி.வி. கெட்டுப்போய்விட்டதா என்று கேட்டார்.